பட்டன் ஒண்ணு, சீட்டு ஒண்ணு

அச்சங்குளம்
14-10-2007

தம்பி செல்வக்குமாருக்கு,

அக்கா பொன்மணி எழுதிக்கிட்டது. இங்கன எல்லாரும் சுகம். உன் மச்சான் தீபாவளி லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் போயிருக்காக. கோயமுத்தூர்ல நீயும் இசைவாணியும் பிள்ளையும் சுகம்தானே?

போன்ல பேசினா நீயும் கத்துற, நானும் கத்துறேன். வியாழக்கிழமை நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு. அதான் கடுதாசி. எழுதுனா கை வலிக்குது, கோவம் கொஞ்சம் குறையுது. நீ பாதியிலயே போனை வச்சுட்டதால முழுசாச் சொல்லுறேன், கேளு.

நவம்பர் 25 ஞாயித்துக்கிழமை எங்க பட்டாசுத் தொழிலாளர் சங்கத்துக்குத் தேர்தல். மூணு தடவையா சோலைமலை அண்ணாச்சிதான் தலைவர். இந்தத் தடவை நான் எதிர்த்து நிக்கிறேன். வேலை செய்யிற இடத்துல பொம்பளைகளுக்குக் குடிக்கத் தண்ணியும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. கேட்டா, "பாப்போம்த்தா"ங்கிறாரு. ஆறு வருசமாப் பாக்காரு.

போன தேர்தல் கூத்துதான் உனக்குத் தெரியுமே. கையெழுத்துப் போட்டது எழுநூத்திச் சொச்சம் பேரு. பெட்டியில இருந்ததோ எண்ணூத்துக்கு மேல சீட்டு. மறுபடி எண்ணுனா வேற கணக்கு. மூணாவது தடவை எண்ணப் போகையில எவனோ பெட்டியையே கிணத்துல போட்டுட்டான். பழைய தலைவரே தங்கிட்டாரு. "எங்க ஓட்டு கிணத்துக்குள்ள கெடக்கு"ன்னு சொல்லிட்டுப் பாதிப் பொம்பளைக சங்கத்தை விட்டே போயிட்டாக.

அதனாலதான் சர்க்கார் தேர்தல் மாதிரி பட்டன் பெட்டி வேணும்னு எல்லாரும் கேட்டோம். சங்கத்துக்கெல்லாம் சர்க்கார் பெட்டி தரமாட்டாகளாம். உன் கம்பெனியில கழிச்சுப் போட்ட பஸ் டிக்கெட் மெஷினை வச்சு நானே செஞ்சு தாரேன்னு நீ சொன்ன. நானும் பெருமையாக் கூட்டத்துல சொன்னேன். உடனே சோலைமலை அண்ணாச்சி எந்திரிச்சு, "பெட்டி செய்யிறது தம்பி. தேர்தல்ல நிக்கிறது அக்கா. அப்ப நம்ம ஓட்டு எங்க போயி விளும்?"னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரலை. கேட்டது நியாயம்தானே?

தேர்தல் அதிகாரியா எல்லாருமா சேந்து போட்டது ரிட்டயர்டு கண்டக்டர் உக்கிரபாண்டி அண்ணாச்சியை. அவருதான் வழி சொன்னாரு. "பட்டனை அமுக்குனா டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வரட்டும். ஓட்டுப் போட்டவுக அதைக் கண்ணால பாத்துட்டுத் தகரப் பெட்டியில போடட்டும். கடைசியில மெஷின் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் ஒத்துப் பாப்போம்." நான் சரின்னுட்டேன்.

இதைச் சொன்னதுக்குத்தான் நீ, "எட்டாப்பு படிச்ச உனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டுட்டுப் போனை வச்ச. மெஷினைப் பத்தித் தெரியாதுதான். மனுசரைப் பத்தித் தெரியும்.

சீட்டு வேணும். முடியாதுன்னா முடியாதுன்னு எழுது.

அக்கா
பொன்மணி


கோயம்புத்தூர்
20-10-2007

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டாம் வகுப்பைப் பற்றிப் பேசியது தப்பு. மற்றது எதுவும் தப்பில்லை.

நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மெஷின்கள் எத்தனை பஸ்ஸில் ஓடுகின்றன தெரியுமா? ஒன்றாவது கணக்கில் தப்பியது என்று திரும்பி வந்ததில்லை. காகிதத்தால் சண்டை வந்தது என்றுதானே மெஷின் கேட்டீர்கள்? இப்போது மெஷினுக்குக் காவலாக அதே காகிதம் வேண்டும் என்கிறீர்கள். மருந்து வாங்க வந்தவர் நோயையும் சேர்த்துப் பொட்டலம் கட்டச் சொன்ன கதையாக இருக்கிறது.

சீட்டு அடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. டிக்கெட் மெஷினுக்கு அதுதான் தொழிலே. என் மனசுக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. சோலைமலை அண்ணாச்சி சந்தேகப்படட்டும், அவர் யாரோ. நீ கூடவா? நான் படிக்க வேண்டும் என்று நீ எட்டோடு நின்றவள். உன்னை நான் ஏமாற்றுவேனா, இல்லை உனக்காக ஊரை ஏமாற்றுவேனா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இசைவாணி, "மதினி சொல்றதுதான் சரி" என்றாள். மூன்று நாளாக எங்கள் வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை.

நீ என்னை நம்புகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

செல்வக்குமார்


அச்சங்குளம்
25-10-2007

ஏலே செல்வம்,

நம்புறேன். போதுமா? கண்ணை மூடிக்கிட்டு நம்புறேன்.

ஆனா சின்னத்தாய் எதுக்கு உன்னை நம்பணும்? என் பக்கத்துல உக்காந்து திரி வெட்டுறவ. உன் மூஞ்சியைக்கூடப் பாத்ததில்லை. கையில இருக்கிறது ஒரே ஒரு ஓட்டு. பட்டனை அமுக்குனா 'கீ'ன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பி அவ வீட்டுக்குப் போகணுமா?

இன்னொண்ணும் கேளு. ஜெயிச்சவ எந்தப் பெட்டியையும் நம்புவா. தோத்தவுக நம்பணும்லே. சோலைமலை அண்ணாச்சி தோத்தாருன்னா, "ஆமா, தோத்துட்டேன்"னு அவரு வாயால சொல்லுறாப்புல இருக்கணும். அதுக்குத்தான் சீட்டு.

காயிதத்தால சண்டை வந்துச்சேன்னு கேட்ட. அப்ப காயிதம் மட்டும் தனியா இருந்துச்சு. எவனோ அம்பது சீட்டைக் கூடுதலா உள்ள தள்ளிட்டான், கேக்க ஆளில்லை. இப்ப மெஷினு ஒரு பக்கம் எண்ணும், சீட்டு ஒரு பக்கம் இருக்கும், கையெழுத்து நோட்டு ஒரு பக்கம் இருக்கும். ஒருத்தன் திருடுனா மத்த ரெண்டு பேரும் காட்டிக் குடுத்துருவாக.

உன் மேல சந்தேகம் இருந்தா உன்கிட்ட பெட்டியே கேட்டிருக்க மாட்டேன், மடையா.

இப்ப வேலையைச் சொல்லுறேன். எனக்குக் குடம் சின்னம். அண்ணாச்சிக்குக் கட்டில். (தூங்குறதுக்குத் தோதா அவரே கேட்டு வாங்குனது.) சீட்டுல எழுத்து மட்டும் போட்டா ஆகாது, படமும் வேணும். சின்னத்தாய்க்கு வாசிக்கத் தெரியாது. சீட்டுல நம்பரும் மணியும் அடிக்கக் கூடாதுன்னு உக்கிரபாண்டி அண்ணாச்சி சொல்லிட்டாரு. அடிச்சா, வரிசையில எத்தனாவது ஆளு எதுக்குப் போட்டாங்கிறதை நோட்டை வச்சே கண்டுபிடிச்சுருவாகளாம். எப்படி யோசிச்சிருக்காரு பாரு!

ரெண்டு கணக்கும் ஒத்துப் போகலைன்னா சீட்டு சொல்லுறதுதான் முடிவுன்னு நானும் சோலைமலை அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டுட்டோம்.

அவரு இன்னொரு நிபந்தனையும் போட்டாரு. தேர்தல் முடியிற வரைக்கும் நீ ஊர்ப் பக்கமே வரக் கூடாதாம். தீபாவளிக்கும்தான். அதுக்கும் சரின்னுட்டேன். கோவிச்சுக்காதே. முறுக்கும் அதிரசமும் பார்சல்ல வருது.

இசைவாணிகிட்டப் பேசுலே.

பொன்மணி


கோயம்புத்தூர்
13-11-2007

அக்கா,

பெட்டி தயார். இன்று மதியம் சாத்தூர் போகும் பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன். துணியில் சுற்றி, வைக்கோல் திணித்து, ஐந்து கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். கரண்டு போனாலும் கவலை இல்லை, பேட்டரியில் ஓடும்.

இந்தப் பதினைந்து நாளும் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எண்ணுகிற வேலை ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. படம்தான் உயிரை வாங்கியது. அந்தப் பிரிண்டருக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்தேன். குடம் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. கட்டிலை அடித்து இசைவாணியிடம் காட்டினேன். "சோலைமலை அண்ணாச்சிக்கு நாய் சின்னமா?" என்று கேட்டாள். எங்களுக்குள் மறுபடி பேச்சு ஆரம்பித்தது அப்படித்தான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழுந்துவிட்டான். தலையணை ஒன்று வைத்ததும் கட்டிலாகிவிட்டது. அவள் யோசனைதான்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தோற்றவர் நம்ப வேண்டும் என்றாயே, அது. கம்பெனியில் எத்தனையோ மெஷின் செய்திருக்கிறேன், டிக்கெட் வாங்குகிறவர் பக்கமிருந்து ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆனாலும் சொல்கிறேன். இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். ஐந்நூறு அறுநூறு சீட்டை எண்ணி எல்லாருக்கும் இடுப்பு வலிக்கப் போகிறது, அவ்வளவுதான்.

ஜெயித்ததும் தந்தி மாதிரி இரண்டு வரி எழுது.

செல்வக்குமார்


அச்சங்குளம்
27-11-2007

தம்பி,

ரெண்டு வரியில எழுத முடியாது. உக்காந்து படி.

ஞாயித்துக்கிழமை விடியும்போதே மழை. வெம்பக்கோட்டை அணை நெறைஞ்சு கெடக்கு. இந்த மழையில யாரு வருவான்னு பயந்துக்கிட்டே சமுதாயக் கூடத்துக்குப் போனா, சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு பொம்பளைக வரிசையில நிக்காக!

முதல்ல நானும் சோலைமலை அண்ணாச்சியும் ஆளுக்குப் பத்துத் தடவை அமுக்கிச் சோதிச்சோம். சரியா இருந்துச்சு. அதை அழிச்சுட்டு எட்டு மணிக்கு ஆரம்பிச்சோம். மறைப்புக்குள்ள போன சின்னத்தாய் சீட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளிய ஓடியாந்து, "யக்கா, குடம் வந்துருச்சு!"ன்னு கத்திட்டா. "ரகசியம்த்தா, ரகசியம்!"னு உக்கிரபாண்டி அண்ணாச்சி காதைப் பொத்திக்கிட்டாரு. கூடமே சிரிச்சுச்சு. சோலைமலை அண்ணாச்சியும்தான்.

நாலு மணி வரைக்கும் ஐநூத்தித் தொண்ணூத்தெட்டு பேரு போட்டாக. உன் மச்சானுக்கும் சங்கத்துல ஓட்டு உண்டு, ஆனா போடலை. லோடு இறக்கிட்டு ஆறு மணிக்கு வந்து நின்னு, "எனக்கு ஒரு ஓட்டு"ங்கிறாக. "பஸ் போயி ரெண்டு மணி நேரமாச்சு மாப்ள"ன்னாரு கண்டக்டரு.

மெஷினை எல்லாருக்கும் தெரியிறாப்புலத் தூக்கிப் பிடிச்சுக் கணக்கைப் பாத்தோம். குடம் 311. கட்டில் 300.

நம்ம ஊருல வெடிக்குச் சொல்லவா வேணும்? ஆளாளுக்குக் கொளுத்திட்டாக. எனக்கு மாலை. சோலைமலை அண்ணாச்சி எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடைப் பக்கம் நடந்துட்டாரு.

உக்கிரபாண்டி அண்ணாச்சி மட்டும் தகரப் பெட்டி பக்கத்துல உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கலை. என்னையக் கையாட்டிக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டுனாரு. மேல மெஷின் கணக்கு 611. கீள கையெழுத்து நோட்டுக் கணக்கு 598. "பதிமூணு டிக்கெட் கூடுதுத்தா"ன்னாரு. சத்தமில்லாம.

பக்கத்துல நின்ன ஒருத்தி காதுல வந்து சொல்லுறா, "அவரே ஒத்துக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே எதுக்கு எண்ணணும்? விடுக்கா."

பொய் சொல்ல மாட்டேன்லே. "சரி, விடுங்க"ங்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. அம்புட்டு ஆசையா இருந்துச்சு. தலைவியாகி, தண்ணிக் கொளாய் போட்டு... எல்லாம் ஒரு நிமிசத்துல கண்ணுல ஓடிருச்சு. அப்ப அந்தப் பொம்பளைகளைப் பாத்தேன். நனைஞ்ச சேலையோட நின்னு எனக்குக் கை தட்டுறாக. அன்னைக்குப் பெட்டியைக் கிணத்துல போட்டவனும் இப்படி ஒரு நிமிசம்தான் யோசிச்சிருப்பான்னு தோணுச்சு.

"எண்ணுங்கண்ணாச்சி. சோலைமலை அண்ணாச்சியைக் கூட்டியாங்க. அவரு இல்லாம பெட்டியைத் தொறக்கக் கூடாது"ன்னுட்டேன்.

ஜமுக்காளத்தை விரிச்சுக் கொட்டுனோம். உக்கிரபாண்டி அண்ணாச்சி ஒவ்வொரு சீட்டா எல்லாருக்கும் காட்டி, இருபத்தஞ்சு இருபத்தஞ்சாக் கட்டி ரப்பர் போட்டாரு. நீ வரைஞ்ச குடத்தையும் கட்டிலையும் அன்னைக்கு ஊரே பாத்துச்சு. கடைசிச் சீட்டையும் வச்சுட்டு எந்திரிச்சு நின்னு சொன்னாரு.

கட்டில் 300. குடம் 298.

ரெண்டு ஓட்டுலே! ரெண்டே ரெண்டு!

சோலைமலை அண்ணாச்சிக்கே நம்ப முடியலை. "இன்னொருக்கா எண்ணுங்க"ன்னாரு. எண்ணுனாக. 300. 298. நோட்டுல கையெழுத்து 598. போன தடவை ஒவ்வொருக்கா எண்ணையிலயும் ஒரு கணக்கு வந்துச்சுல்ல? இந்தத் தடவை நகரவே இல்லை. யாரோ கை தட்டுனாக. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் கூடமே தட்டுச்சு. ஜெயிச்சவருக்கா, தோத்தவளுக்கான்னு தெரியலை. அந்தக் கணக்குக்குத் தட்டுனாகன்னு நெனைக்கேன்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க முடியாத சிரிப்பு. மாலையைக் களத்தி அண்ணாச்சி களுத்துல போட்டேன். அவரு தலை பெருசு, பாதியிலயே மாட்டிக்கிச்சு. கண்ணெல்லாம் தண்ணி அவருக்கு. "நீ பேசாம இருந்திருந்தா நான் டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்த்தா"ன்னாரு. எனக்குன்னு வாங்குன சரம் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. "நமுத்துப் போகுறதுக்கு இவருக்காவது வெடிக்கட்டும்"னு சின்னத்தாயே கொளுத்திவிட்டுட்டா.

வீட்டுக்கு வந்து உன் மச்சானைத்தான் பிடிச்சுக்கிட்டேன். "ரெண்டு ஓட்டுல ஒண்ணு உங்களுது"ன்னேன். "நான் கட்டிலுக்குப் போட்டிருந்தா?"ன்னு கேக்காக!

பெட்டியை பார்சல்ல அனுப்பியிருக்கேன். பதிமூணு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்து எழுது. உன் மேல எள்ளளவும் கோவம் இல்லை.

பொன்மணி


கோயம்புத்தூர்
4-12-2007

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை இசைவாணி சத்தமாகப் படித்தாள், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

கோளாறு கிடைத்துவிட்டது. குடத்துப் பட்டனுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கிறது. ஓங்கி அமுக்கிக் கையை எடுத்தால் அது துள்ளி இரண்டு தடவை தொடுகிறது. எண்ணுகிற பக்கம் அதை இரண்டு ஓட்டு என்று எடுத்துக்கொள்கிறது. பிரிண்டர் ஒரு சீட்டை அடித்து முடிக்கும்வரை அடுத்த தொடுதலைக் கவனிக்காது, அதனால் சீட்டு ஒன்றுதான். பதிமூன்று பேர் அமுக்கியபோது அப்படித் துள்ளியிருக்கிறது. நான் இங்கே ஒற்றை விரலால் பூப்போல அமுக்கிச் சோதித்தேன். உங்கள் ஊர்க்காரர்கள் ஆணி அடிக்கிற மாதிரி அமுக்குவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தகரப் பெட்டி இல்லாமல் இருந்திருந்தால்? தம்பி செய்த பெட்டி அக்காவுக்குப் பதிமூன்று ஓட்டுக் கூடப் போட்டது என்பது உண்மையாகவே ஆகியிருக்கும். நான் ஒரு தப்பும் நினைக்கவில்லை, ஆனாலும் நீ திருட்டுத் தலைவியாகி இருப்பாய்.

எட்டாம் வகுப்பைப் பற்றி நான் சொன்னதற்கு அன்றைக்கு ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மன்னிச்சிரு அக்கா.

கம்பெனி மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டிக்கெட் மெஷின்களையும் இனிமேல் ஓங்கி அமுக்கிச் சோதிக்க வேண்டும், வந்த டிக்கெட்டைக் கையால் எண்ணி ஒத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சோலைமலை அண்ணாச்சிக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

நீ சிரித்ததாக எழுதியிருக்கிறாய். நிஜமாகவா அக்கா? எனக்காக எழுதவில்லையே?

செல்வம்


அச்சங்குளம்
26-12-2007

ஏலே செல்வம்,

நிஜமாத்தான்லே. உனக்காகப் பொய் எழுத எனக்கு என்ன தலையெழுத்து?

நடந்ததைக் கேளு. புதுக் கமிட்டியோட முதல் கூட்டத்துல சோலைமலை அண்ணாச்சி எந்திரிச்சாரு. "குடத்துக்கு இருநூத்தித் தொண்ணூத்தெட்டு பேரு போட்டிருக்காக. எண்ணுன கணக்கு, மாத்திச் சொல்ல முடியாது. குடம்னா தண்ணி. முதல்ல அதைப் பேசுவோம்"னாரு. ஆறு வருசமா "பாப்போம்"னு சொன்ன மனுசன்! மறுநாளே என்னையும் சின்னத்தாயையும் கூட்டிக்கிட்டு எங்க பட்டாசுக் கம்பெனி ஆபீசுக்கு வந்தாரு. எங்க முதலாளி முதல்ல மழுப்புனாரு. அண்ணாச்சி விடலை. "ரெண்டு ஓட்டுலதான் நான் ஜெயிச்சிருக்கேன் சார். இதை முடிக்காம போனா அடுத்த தடவை நான் வீட்டுலதான்"னு பச்சையாச் சொல்லிட்டாரு.

போன வெள்ளிக்கிழமை தண்ணித் தொட்டி வந்துருச்சு. நாலு கொளாய். என்னையவே தொறந்துவிடச் சொன்னாக. தொறந்தா தண்ணி பீச்சி அடிச்சு எல்லாரும் நனைஞ்சு, சின்னத்தாய் அண்ணாச்சி மேலயே ஒரு கை அள்ளித் தெளிச்சுட்டா. அவரு வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு, நாங்க விரட்டுறோம்! பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டவும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாச்சு.

சங்கத்தை விட்டுப் போனாகல்ல, அதுல எம்பத்தேளு பேரு திரும்பி வந்து பேரு குடுத்திருக்காக. "சீட்டு வரும்ல?"ங்கிறதுதான் முதல் கேள்வி.

அண்ணாச்சி என்னைச் செயலாளரா வரச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். "அடுத்த தடவையும் உங்களை எதிர்த்து நிக்கப் போறேன்"னேன். "அப்ப ரெண்டு வருசத்துக்குக் கட்டில் இருந்தும் எனக்குத் தூக்கம் இல்லை"ன்னு சிரிச்சாரு.

உன் கடுதாசியை அவரு கூட்டத்துல வாசிச்சாரு. தப்பை ஒளிக்காம எழுதுனவன் கையால செஞ்ச பெட்டிதான் இனிமேலும் வேணும்னு சொல்லிட்டாரு. திருத்தங்கல்ல அச்சாபீஸ் தொழிலாளர் சங்கத்துக்கும் பிப்ரவரியில தேர்தலாம். அவுகளும் கேக்காக. பொங்கலுக்கு வரையில சரிபண்ணிக் கொண்டுக்கிட்டு வா. உன்மேல போட்ட தடை நீங்கிருச்சு. நீ ஊருக்குள்ள வரலாம்!

பொன்மணி


கோயம்புத்தூர்
5-1-2008

அக்கா,

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, 13-ஆம் தேதி காலை ஐந்து மணி பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்புகிறோம். பெட்டி என் மடியில் வரும், பார்சலில் இல்லை.

ஸ்பிரிங் மாற்றிவிட்டேன். எத்தனை வேகமாகத் துள்ளினாலும் ஒரு சீட்டு அடித்து முடிகிற வரைக்கும் அடுத்ததை எண்ணாது. இசைவாணி அச்சங்குளத்து அமுக்கு அமுக்குகிறேன் என்று கட்டை விரல் சிவக்க அமுக்கினாள். இரண்டாயிரம் தடவை. வீடு முழுக்கக் குடமும் கட்டிலுமாகக் கிடக்கிறது, பிள்ளை அதில் நீந்துகிறான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். மெஷினில் இரண்டாயிரம். சீட்டும் இரண்டாயிரம். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

ஆனாலும் நம்பிராதக்கா. நீயும் எண்ணிப் பாரு.

உன் தம்பி
செல்வம்